என் இடத்துக்கு நின்றவன்

அவன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் என்ன, குடிமுழுகியா போய்விடும் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் முழுகாது. அந்தப் பெயரை என் வாயால் உச்சரித்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இனியும் உச்சரிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். இத்தாலியில், பலேர்மோத் தமிழ்ச்சனம் முழுவதும் அவனை ‘ஒஸ்ரியா’ என்றுதான் கூப்பிட்டது. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் பிறந்த வேதக்காரப் பிள்ளை. ஒஸ்ரியாவில், அதுதான் ஆஸ்திரியா நாட்டில், இரண்டரை வருடம் அகதியாக இருந்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் எங்கள் அறைக் கதவைத் தட்டினான். குளிர்ச்சட்டைக்கு மேலே பச்சையும் வெள்ளையுமாக ஒரு விளையாட்டுச் சட்டையை இழுத்து மாட்டியிருந்தான். நெஞ்சில் ஒரு சின்னம். அதில் ஒரு தேவாலயக் கோபுரமும் ஒரு பந்தும்.

“இது எந்த இயக்கமடா?” என்று கேட்டேன்.

“இயக்கமில்லை மச்சான், என்ர கிளப்” என்றான். வந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் நான் அவனுக்கு மச்சான்.

நாங்கள் ஐந்து பேர் பல்லரோச் சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஒரே அறையில் இருந்தோம். ஆறாவது ஆளுக்கு இடமில்லை என்று சொல்லத்தான் நான் எழுந்தேன். அவனோ சட்டியில் கிடந்த மீன்குழம்பைத் திறந்து மணந்து பார்த்து, “ஆர் வைச்சது? புளி காணாது” என்றபடி அடுப்பை மூட்டிவிட்டான். அன்றைக்குச் சாப்பிட்ட குழம்பை என்னவென்று சொல்ல! அடுத்த கிழமை சமையல் முறை என்னுடையது. வேலையால் வர அரை மணி பிந்திவிட்டது. வந்து பார்த்தால் அவன் சோறு கறியெல்லாம் ஆக்கி இறக்கியிருந்தான். அதற்குப் பிறகு அந்த அடுப்புக்கு முன்னால் வேறு எவனும் நின்றதாக எனக்கு நினைவில்லை.

அவன் எதையும் பறித்ததில்லை. அவனைப் பற்றி முதலில் சொல்லவேண்டியது இதுதான். பறிக்கிறவனைக் கண்டால் நாங்கள் கையை மூடிக்கொள்வோமே. இவன் அப்படியில்லை, உங்களுக்கு உதவிக்கு வருவான். சீட்டில் முன்னூற்றுநாலு விளையாடிக்கொண்டிருக்கும்போது உங்களுக்குப் பசித்தால், “நீ போய்ச் சாப்பிட்டிட்டு வா, உன்ர கையை நான் பாக்கிறன்” என்று கதிரையில் குந்துவான். நீங்கள் கை கழுவிவிட்டு வரும்போது தோற்றுக்கொண்டிருந்த உங்கள் கட்சி வென்றுகொண்டிருக்கும். உங்கள் கூட்டாளி உங்களை நிமிர்ந்தும் பார்க்க மாட்டான். அந்த நேரத்தில் ‘எழும்படா’ என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? நீங்களாகவே கட்டிலில் போய் இருந்துகொண்டு வேடிக்கை பார்ப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் கடலோரத்தில் கிடந்த ஒரு புழுதி நிலத்தில் நாங்கள் பந்தடிப்போம். மன்னார்ப் பொடியள் ஒரு பக்கம், யாழ்ப்பாணத்தார் ஒரு பக்கம். நான் மன்னார்ப் பக்கம், பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கோல் காக்கிறவன். ஒரு நாள் பந்து பட்டு என் சுண்டுவிரல் பிசகிவிட்டது. “நீ இரு மச்சான், நான் ஒருக்கா நிக்கிறன்” என்று அவன் போய் நின்றான். தீவான் மன்னார் அணிக்குக் கோல் காத்தது அன்றைக்குத்தான் முதல் தரம். மூன்று பந்தைப் பாய்ந்து பிடித்தான். இரண்டு கிழமையில் என் விரல் சுகமாகிவிட்டது. ஆனால் நான்தான் சொன்னேன், நீயே நில்லடா என்று. இதைச் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் பெரிய அப்பாவி என்று நினைத்துவிடுவீர்கள். நானே கொடுத்தேன், சந்தோஷமாகக் கொடுத்தேன்.

அவனுக்கு எதற்கெடுத்தாலும் கிளப்தான் உதாரணம். அந்த ஊரின் பெயர் எங்களில் ஒருவனுக்கும் வாயில் நுழையவில்லை. மலைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பட்டினமாம். மரம் அரிகிற ஒரு மரக்காலை, ஒரு பேக்கரி, ஒரு தேவாலயம், தீயணைப்புக்காரரின் பாண்ட் வாத்தியக் குழு, பிறகு இந்தக் கழகம். ரிவியில் வருகிற பெரிய கழகமல்ல; தங்கள் மாகாணத்துக்குள்ளேயே பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு பஸ்ஸில் போய் விளையாடுகிற லீக். மரக்காலை முதலாளிதான் தலைவர். இடைவேளையில் ஊர்ப் பெண்கள் வீட்டில் சுட்ட கேக் விற்பார்கள். ஒரு பக்கக் கோலுக்குப் பின்னால் மாட்டுப் பட்டி. பந்து அதற்குள் விழுந்தால் எடுக்க ஊர்ப் பிள்ளைகளே பயப்படுவார்கள். அகதிகளை ஊர்க்கோடியில் ஒரு பழைய விடுதியில் வைத்திருந்தார்கள். வேலை செய்ய அனுமதி கிடையாது, தின்றுவிட்டுப் படுக்கவேண்டியதுதான். அலுப்புத் தாங்காமல் இவன் மைதானத்துக்குப் போய், மாடுகளுக்குப் பயப்படாமல் பந்தெடுத்துக் கொடுத்திருக்கிறான். அப்படித்தான் கழகத்துக்குள் கால் வைத்தானாம்.

“மழையெண்டாலும் எண்பது சனம் குடையோடை நிக்கும், மச்சான்” என்பான். “தோத்தாலும் எதிராளிக்கு பியர் வாங்கிக் குடுக்கவேணும். அது கிளப்புச் சட்டம். நீங்கள் என்னடா எண்டால், தோத்தவுடனை மத்தியஸ்தரின்ர தாயை இழுக்கிறியள்.”

அவன் சொன்ன கதைகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது பேக்கரிக்காரன் மகனின் கதை. வாரத்துக்கு ஒருதரமாவது அதைச் சொல்லவைப்போம்.

“பேக்கரிக்காரன்ர மகன்தான் முன்னுக்கு நிண்டு அடிக்கிறவன், ஊரின்ர செல்லப்பிள்ளை. என்னைப் பேருக்குப் பதிஞ்சுபோட்டு கரையிலை வாங்கிலை இருத்தி வைச்சிருக்கினம். ஒரு நாள் அவனுக்குக் கால் போச்சு. இருவது நிமிசம் கிடக்கு. ‘டேய், நீ இறங்கு’ எண்டார் கோச். இறங்கினன். ரெண்டு கோல்! பேந்து அவன் கால் சுகமாகி வாறான், சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிக்கிறான், இடமெங்கை? நான் குடுத்தாத்தானே!”

இந்த இடத்தில் அவன் இரண்டு கையையும் விரித்து, உதட்டைப் பிதுக்கிக் காட்டுவான். நாங்கள் உருண்டு உருண்டு சிரிப்போம். மற்றவர்களைவிட நான்தான் கூடச் சிரித்தேன். ‘அந்தப் பொடியன்ர முகம் எப்பிடி இருந்தது, சொல்லடா’ என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தேன். விசரன் நான்.

“அப்பிடி நல்லாய் இருந்தனி, பேந்து ஏன் விட்டிட்டு வந்தனி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“குளிர் மச்சான், தாங்கேலாது” என்றான். இடது முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு இருந்தது. அதைக் கேட்டால் மாட்டுப்பட்டிக் கம்பி கிழித்தது என்பான்.

சரி, இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் சீசா என்கிற பகுதியில் ஒரு வீட்டில் வேலை. ஐந்தாம் மாடி. வீட்டுக்கார அம்மாவான வயதான சிஞ்ஞோரா, படுக்கையில் விழுந்த அவருடைய கணவர். ஒரு காலத்தில் பெரிய மருத்துவர் என்பதால் அவரை எல்லோரும் ‘டொத்தோரே’ என்றுதான் சொல்வார்கள். தூக்குவது, குளிப்பாட்டுவது, சவரம் எடுப்பது, ஊட்டுவது எல்லாம் நான்தான். என்னிடம் பெர்மெஸ்ஸோ, அந்த நாட்டில் தங்குகிற அனுமதி, இருக்கவில்லை. பெர்மெஸ்ஸோ இல்லாதவன் மனைவி பிள்ளையைக் கூப்பிட முடியாது. என் மனைவி மடுவில் அகதி முகாமில் இருந்தாள். நான் வெளிக்கிட்டு நாலு மாதம் கழித்து மகள் பிறந்தாள். படத்தில்தான் கண்டிருக்கிறேன். அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டவன் ‘ஒஸ்ரியா’. ஈரம் படக்கூடாது என்று பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஒரு மூலையும் மடங்காமல் ஒட்டினான். “மாமன்காரன் நான்தான் முதல்லை தூக்குவன்” என்று படத்தைப் பார்த்துச் சொல்வான்.

அந்த வருடம், வேலை செய்துகொண்டிருக்கிறவர்களுக்கு அரசாங்கம் பெர்மெஸ்ஸோ கொடுக்கப்போகிறது என்று கதை வந்தது. வேலை கொடுத்தவர் வந்து கையெழுத்து வைக்கவேண்டும். சிஞ்ஞோரா தானாகவே சொன்னார்: “நான் வைக்கிறேன் மகனே. உன் பிள்ளையை நான் சாவதற்குள் பார்க்கவேண்டும்.” அன்றைக்கு நான் பஸ் ஏறாமல் சீசாவிலிருந்து பல்லரோ வரைக்கும் நடந்தே வந்தேன். கால் நிலத்தில் பட்டதா என்று தெரியாது.

பத்து நாள் போகவில்லை, என் கண் மஞ்சளித்தது. செங்கமாரி. ஒரு விடியற்காலை எழும்ப முடியாமல் கிடந்தேன். அவன்தான் என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடிப் படியும் இறங்கினான். சந்தைக்குள்ளால், மீன்தட்டுகளுக்கு நடுவே, “வழி விடுங்கோ, வழி விடுங்கோ” என்று தமிழில் கத்திக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் மூன்று கிழமையாவது இருக்கவேண்டும், கிழவர் பக்கம் போகவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் சனத்திடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வீட்டு வேலை செய்கிறவன் நோயில் விழுந்தால் இன்னொருவனைத் தன் இடத்துக்கு நிறுத்துவான். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. ஆள் சுகமாகி வருகிற அன்று, நின்றவன் வீட்டுக் கதவுத் திறப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கிவிட வேண்டும். அதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. நின்றவன் வேலையை அளவுக்கு மிஞ்சி நன்றாகச் செய்யக்கூடாது. தன் கைப்பக்குவத்தைக் காட்டிப் புதுக்கறி ஆக்கக்கூடாது. தன் குடும்பக் கஷ்டத்தைச் சிஞ்ஞோராவிடம் சொல்லி அழக்கூடாது. ‘அவர் எப்ப வருவார்’ என்று அவர்கள் கேட்டால், ஆள் ஆறு மாதத்துக்கு வராவிட்டாலும், ‘இந்தா, நாளைக்கு வந்திடுவார்’ என்றுதான் சொல்லவேண்டும். எங்கள் பெண்கள்கூட இந்த ஒழுங்கை ஒரு எழுத்துப் பிசகாமல் காத்தார்கள்.

வேறு எவனையும் நான் யோசிக்கவேயில்லை. கட்டிலில் கிடந்தபடியே அவனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். டொத்தோரேயை இடப்பக்கமாகத்தான் திருப்பவேண்டும், வலப்பக்கம் நோகும். கோப்பியில் சீனி போட்டுவிட்டுக் கலக்கக்கூடாது, அடியில் கிடக்கிற சீனியை அவர் கரண்டியால் வழித்துத் தின்பார். சிஞ்ஞோராவுக்குப் பின்னேரம் ரேடியோ போடவேண்டும். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன்.

“ஒண்டுக்கும் யோசியாதை மச்சான்” என்றான். “நீ வா, நான் போறன். சரிதானே?”

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து கஞ்சியோடு வந்தான். ஒரு நாள்கூடத் தவறவில்லை. உப்பில்லாத கஞ்சி, தானே கரண்டியால் ஊட்டினான். “டொத்தோரே எப்பிடி?” என்று கேட்பேன். “உன்னைத்தான் கேக்கிறார்” என்பான்.

இருபத்துநாலாம் நாள், முகம் சவரம் எடுத்து, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு ஐந்தாம் மாடி ஏறினேன். மணியை அடித்தேன். அவன் கதவைத் திறந்தான். காலில் என்னுடைய வீட்டுச் செருப்பு.

“அட மச்சான்! வா, வா, உள்ளுக்கு வா. இதிலை இரு. தேத்தண்ணி போடுறன்” என்றான்.

நான் இரண்டு வருடம் கூட்டித் துடைத்த வீட்டில், விருந்தாளிகள் இருக்கிற கதிரையில் என்னை இருத்திவிட்டு அவன் அடுப்படிக்குப் போனான். போனவன் போட்டுவந்த தேத்தண்ணியையும் நான் குடித்தேன், அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது. சிஞ்ஞோரா வந்து என் இரண்டு கன்னத்தையும் தடவினார். “ஐயோ, இப்படி மெலிந்துவிட்டாயே. நீ ஓய்வெடுக்கவேண்டும் மகனே, பாரமான வேலை உனக்கு இனி ஆகாது.” பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கையெழுத்துக்கு நாள் முடியப்போகிறது என்றார்கள். நீ வருவாயா என்று இவனிடம் கேட்டேன். ‘அந்த நோயில் எதுவும் சொல்ல முடியாது சிஞ்ஞோரா’ என்றான். இவனுக்கும் குடும்பம் இருக்கிறதாமே, சொல்லி அழுதான், பாவம். டொத்தோரேயும் இவன் கையைத்தான் பிடித்துக்கொண்டு தூங்குகிறார். போன கிழமைக்கு முதல் கிழமை நான் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்குப் போய்…”

மீதி எனக்குக் கேட்கவில்லை. போன கிழமைக்கு முதல் கிழமை என்றால் என்ன கணக்கு? அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு தரம் எனக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறான்.

அவனைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

“நாசமாய்ப் போவானே, ஏனடா சொல்லேல்லை?”

“சொல்லத்தான் வந்தனான் மச்சான். நீ நல்லாய் ஏலாமல் கிடந்தனி.”

“நாளைக்கு வந்திடுவான் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல உனக்கு வாய் வரேல்லையோ? என்ர பிள்ளையை நான் இன்னும் கண்ணாலை காணேல்லையடா!”

அவன் அழுதான். சும்மா சொல்லக்கூடாது, உண்மையாகவே அழுதான். “அவ கேட்டா, நான் என்ன செய்ய? நானும் மனிசன்தானே? கிழவர் என்ர கையை விடுறாரில்லை” என்று தேம்பினான். அழுதானே தவிர, காற்சட்டைப் பைக்குள் கிடந்த திறப்பில் அவன் கை போகவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே டொத்தோரே கூப்பிடுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்தா வாறன்” என்று இத்தாலியனில் குரல் கொடுத்தான். பிறகு என்னைப் பார்த்து, “கவனமாய்ப் படி இறங்கு மச்சான், உனக்கு இன்னும் உடம்பு தேறேல்லை” என்றான். கதவு மூடியது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து மாடியும் இறங்கினேன்.

அதற்குப் பிறகு சனம் இரண்டாகப் பிரிந்து கதைத்தது. ‘உவன் செய்தது மகா துரோகம்’ என்றவர்களே அடுத்த ஞாயிறு அவனோடு பந்தடித்தார்கள். ‘அவனும் பிள்ளைகுட்டிக்காரன்தானே’ என்றார்கள் சிலர். பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டு மன்னிக்கச் சொன்னார். அவனைக் கூப்பிட்டு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவன் எங்கள் அறையை விட்டுச் சிஞ்ஞோராவின் வீட்டுச் சின்ன அறைக்குப் போய்விட்டான். நான் பந்தடிக்கப் போவதை நிறுத்தினேன். என்னைப் பிரான்காச்சோவில் தளபாடம் மினுக்குகிற பட்டறை ஒன்றில் சேர்த்துக்கொண்டார்கள். களவாக வேலை, இரண்டு பஸ் மாறவேண்டும். கையெழுத்து என்ற பேச்சை எடுத்தாலே முதலாளிக்குக் காது கேட்காது.

மனைவிக்கு என்ன எழுதுவது? ‘இந்த முறை பெர்மெஸ்ஸோ கை தப்பிவிட்டது’ என்று எழுதினேன். யாரால் தப்பியது என்று எழுதவில்லை. அவனுடைய குழம்பைப் பற்றி, கோல் காக்கிற விதத்தைப் பற்றி, பிள்ளையின் படத்தை அவன் ஒட்டிய அழகைப் பற்றி எத்தனை கடிதத்தில் எழுதியிருந்தேன்! ‘உங்கட சிநேகிதனுக்கு எங்கட அன்பைச் சொல்லுங்கோ’ என்று அவள் பதிலுக்கு எழுதிக்கொண்டேயிருந்தாள்.

இரண்டு வருடம் கழித்து பல்லரோ முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. அவன் பெயருக்கு. வந்த புதிதில் எங்கள் முகவரியைத்தான் எல்லோருக்கும் கொடுத்திருந்தான். ஒஸ்ரியா முத்திரை. உறையின் மூலையில் அதே கோபுரமும் பந்தும். பிறர் கடிதத்தைப் பிரிப்பது பாவம் என்று எனக்குத் தெரியும். பிரித்தேன். ஜெர்மன் மொழி, ஒரு கோதாரியும் விளங்கவில்லை. எங்கள் பங்கில் ஒரு வயதான கன்னியாஸ்திரி இருந்தார், வடக்கே மலைப்பக்கம் ஜெர்மன் பேசுகிற ஊரில் பிறந்தவர். அவரிடம் கொண்டுபோனேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்து வாசித்து இத்தாலியனில் சொன்னார். எழுதியிருந்தவன் பேக்கரிக்காரன் மகன். இப்போது கழகத்தின் செயலாளராம்.

‘நீ எங்கே இருக்கிறாய் என்று இப்போதுதான் கண்டுபிடித்தோம். அந்த வருடம் எங்கள் முன்வரிசையில் நீதான் நின்றாய், நான் வாங்கில் இருந்தேன். உன் கால் முறிந்த அன்று உன் இடத்துக்கு என்னை இறக்கினார்கள். உனக்கு மரக்காலையில் வேலை தருவதாகவும், உன்னை நாட்டில் வைத்திருக்கும்படியும் கழகம் அரசாங்கத்துக்கு எழுதிய கடிதம் தலைவரின் மேசையில் கிடந்தது. நான் கோல் அடிக்கத் தொடங்கியதும், இனி அவன் எதற்கு என்று அதை அனுப்பாமல் விட்டார்கள். அது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு உனக்கு ரொட்டி கொண்டுவந்தேன், ஒவ்வொரு நாளும் வந்தேன், ஆனால் சொல்லவில்லை. நீ ஊன்றுதடியோடு திரும்பி வந்தபோது நான் உன் சட்டையைப் போட்டிருந்தேன். உன்னைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்றதும் நீ ஊரை விட்டுப் போய்விட்டாய். கழகத்தின் சார்பிலும் என் சார்பிலும் மன்னிப்புக் கேட்கிறேன். நீ நிற்கிற படத்தை நாங்கள் இன்னும் சுவரில் வைத்திருக்கிறோம்.’

கன்னியாஸ்திரி கண்ணாடியைக் கழற்றி, “பாவம் இந்த மனிதன், எவ்வளவு பட்டிருக்கிறான். இவன் உன் சிநேகிதனா?” என்று கேட்டார். நான் கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

எனக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அதுவரை அவனை நான் வேறு மாதிரி நினைத்துவைத்திருந்தேன். அவன் பிறவியே அப்படி, காலியான இடத்தைக் கண்டால் போய் நிற்பான், நிற்கிறபோது மற்றவனுக்கு என்ன ஆகும் என்று யோசிக்கிற மூளை அவனுக்கு இல்லை என்று. அப்படி நினைத்ததில் எனக்கும் ஒரு ஆறுதல் இருந்தது. இப்போது அந்த ஆறுதலும் போய்விட்டது. கட்டிலில் கிடக்கிறவன் இடத்தை இன்னொருவன் எடுத்தால் எப்படி இருக்கும் என்று பலேர்மோவில் ஒரே ஒருவனுக்குத்தான் சரியாகத் தெரியும். அவன்தான் என் இடத்தை எடுத்தான். தனக்கு நடந்ததைத் தலைகீழாக்கி, தான் வென்ற கதையாகச் சொல்லி, என்னையும் சிரிக்க வைத்திருக்கிறான். நான் அன்றைக்குச் சிரித்தது யாருடைய முகத்தைப் பார்த்து?

கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் இருந்தேன். மூன்று மாதம் என் சட்டைப் பைக்குள் கிடந்தது.

ஒரு ஞாயிறு, சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் கோயில் இருக்கிற மலைக்கு நடந்து ஏறிக்கொண்டிருந்தேன். எங்கள் சனம், வேதக்காரர் சைவக்காரர் என்றில்லாமல், நேர்த்தி வைத்து அந்த மலை ஏறும். நானும் பெர்மெஸ்ஸோவுக்குத்தான் நேர்ந்திருந்தேன். பாதி வழியில், கல்லுப் பாதை திரும்புகிற இடத்தில், நிழலில் அவன் நின்றான். பக்கத்தில் ஒரு பெண், ஐந்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி. அவன் மனைவியும் மகளும் ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் தலையைக் குனிந்துகொண்டு கடக்கப் பார்த்தேன்.

“மச்சான்” என்றான். நின்றேன். என் பெயரை மனைவிக்குச் சொன்னான்.

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “அண்ணை, நீங்களோ? இவர் கடிதத்திலை எழுதினவர், நீங்கள்தான் உங்கட வேலையை இவருக்கு விட்டுக் குடுத்தனீங்கள் எண்டு. ஆர் அண்ணை இந்தக் காலத்திலை அப்பிடிச் செய்வினம்? உங்கட பேரைச் சொல்லித்தான் நானும் பிள்ளையும் ஒவ்வொரு நாளும் செபம் சொல்லுறனாங்கள்.”

விட்டுக் கொடுத்தேனாம்! என் வேலையை எடுத்தான், கையெழுத்தை எடுத்தான், கடைசியில் அதை நான் கொடுத்த கொடையாக்கி என் பெயரில் செபமும் சொல்லவைத்திருக்கிறான். எனக்கு மேலெல்லாம் பற்றியெரிந்தது. எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே சொல்லிவிட வாயைத் திறந்தேன். சிறுமி என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். என்னால் முடியவில்லை. பைக்குள் கையை விட்டு, பிரித்த உறையோடு கடிதத்தை அவனிடம் நீட்டினேன்.

அவன் சின்னத்தைக் கண்டதுமே முகம் மாறிவிட்டது. இரண்டடி தள்ளி நின்று வாசித்தான். ஒரு தரம் வாசித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான்.

“படிச்சனியோ?” என்று மெல்லக் கேட்டான்.

“ஓம்.”

“அப்ப உனக்கு விளங்கும்தானே, மச்சான்.”

“விளங்குது. அதுதான் எனக்குப் பொறுக்கேலாமல் கிடக்கு” என்றேன். “அவங்கள் உன்னட்டை மன்னிப்புக் கேட்டிட்டாங்கள். நீ?”

அவன் மனைவி கிட்ட வந்து, “என்னப்பா கடிதம்?” என்று கேட்டாள்.

“கிளப்பிலை இருந்து” என்று மடித்துப் பைக்குள் வைத்தான். “என்னைத் திரும்ப வந்து விளையாடட்டாம்.”

அவள் பெருமையோடு சிரித்தாள். சிறுமியும் தகப்பனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தாய் என் பக்கம் திரும்பி, “உங்கட மனிசி பிள்ளையள் எங்கை, அண்ணை? கோயிலிலையும் காணேல்லை” என்று கேட்டாள்.

“மடுவிலை, தங்கச்சி.”

“ஏன் இன்னும் கூப்பிடேல்லை?”

“பெர்மெஸ்ஸோ கிடைக்கேல்லை.”

“ஐயோ அண்ணை!” என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. பிறகு அவன் பக்கம் திரும்பி, “எங்களுக்கு இவ்வளவு செய்த மனிசன், நீங்கள் இவருக்கு ஒண்டும் செய்யேல்லையோ?” என்று கேட்டாள்.

அவன் சட்டென்று குனிந்து மகளின் சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினான். அது நன்றாகக் கட்டித்தான் இருந்தது.